புது இன்ஜினுக்கு மலைப்பாதை

“புது வண்டி சார், முதல் சர்வீஸ் வரைக்கும் விரட்டாதீங்க.” சாவியைக் கையில் கொடுக்கும்போது ஷோரூம்காரர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். ஏன் என்று கேட்டால் “இன்ஜின் செட் ஆகணும்” என்பார். எது எதோடு செட் ஆகிறது என்று அதற்கு மேல் கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும், பதில் வருவதற்குள் அடுத்த வாடிக்கையாளர் வந்து நிற்பார்.

ஒரு லட்ச ரூபாய் பைக்குக்குச் சொல்லும் இதே அறிவுரையைத்தான் கோடியைத் தாண்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் சொல்கிறார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகரில், பிஎம்டபிள்யூ தலைமையகத்தை ஒட்டி 2007இல் திறந்த ‘பிஎம்டபிள்யூ வெல்ட்’ என்ற பெரிய கட்டடம் இருக்கிறது. புதுக் காரை அங்கேயே நேரில் போய் எடுத்துக்கொள்ளலாம். எம்3, எம்4 போன்ற ஸ்போர்ட்ஸ் வகைகளின் கையேட்டைத் திறந்தால், முதல் 2000 கிலோமீட்டர் வரை இன்ஜின் நிமிடத்துக்கு 5500 சுற்றைத் தாண்டக் கூடாது, வேகம் மணிக்கு 170 கி.மீ.யைத் தாண்டக் கூடாது, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கக் கூடாது என்று இருக்கும். 7200 சுற்று வரை போகக்கூடிய இன்ஜின் அது. காசைக் கொட்டி வாங்கியவர் பொறுமையாகத்தான் இருக்க வேண்டும்.

இதுவாவது புரிகிறது. புதுசு, பார்த்துப் போ என்கிறார்கள். கூடவே இன்னொரு வரி இருக்கிறது: ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்காதே, சுற்றையும் வேகத்தையும் மாற்றிக்கொண்டே இரு. நெடுஞ்சாலையில் நிதானமாக ஒரே சீராகப் போவதைவிட இன்ஜினுக்கு நல்லது வேறென்ன இருக்க முடியும்? ஆனால் அதைத்தான் வேண்டாம் என்கிறது கையேடு. மியூனிக்கில் கார் எடுப்பவர்கள் பலர் ஆட்டோபான் என்ற நெடுஞ்சாலையை விட்டுவிட்டுத் தெற்கே ஆல்ப்ஸ் மலைப் பக்கம் திரும்புகிறார்கள். மேலுக்குப் பார்த்தால் ஊர் சுற்றும் ஆசை. உள்ளே போய்ப் பார்த்தால், இன்ஜினுக்கு அதைவிடப் பொருத்தமான பாடத்திட்டம் கிடையாது. இந்த முதல் ஓட்டத்தைப் பழக்கோட்டம் என்று அழைப்போம். ‘ரன்னிங் இன்’ என்று மெக்கானிக்குகள் சொல்வதும் இதைத்தான்.

உள்ளே போக வேண்டிய இடம் சிலிண்டர். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது என்பது தெரிந்ததே. ஆனால் பிஸ்டன் சிலிண்டரை அடைப்பதில்லை. சூட்டில் விரிய இடம் வேண்டும் என்பதால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுத்தான் செய்கிறார்கள். எரியும் வாயு அந்த இடைவெளி வழியே கீழே கசியாமல் தடுப்பது, பிஸ்டனைச் சுற்றி வெட்டிய காடிகளில் உட்காரும் உலோக வளையங்கள். பட்டறை மொழியில் ரிங்கு. ஓரிடத்தில் வெட்டு விட்ட இந்த வில்போன்ற வளையத்தை 1850களில் நீராவி இன்ஜின்களுக்காக உருவாக்கியவர் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற இங்கிலாந்து ரயில்வே பொறியாளர். இன்றைய காரின் மேல் ரிங்கைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன், விரலால் அழுத்தினால் வளையும். இதுவா நூறு வளிமண்டலத்துக்கு மேல் எகிறும் அழுத்தத்தைத் தடுத்து நிறுத்துகிறது?

ரிங்கின் சொந்த வில்விசை சொற்பம்தான். மீதி வேலையை வாயுவே செய்கிறது. எரிந்து விரியும் வாயு பிஸ்டனின் மேல் விளிம்பைச் சுற்றி இறங்கி, காடிக்குள் ரிங்கின் முதுகுப் பக்கம் புகுந்து, அதைச் சிலிண்டர் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகுகிறது. எந்த வாயு தப்பிக்கப் பார்க்கிறதோ அதுவே தன் வழியை அடைக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் மெல்ல ஓட்டினால் ரிங்கு சுவரில் சரியாக அழுந்துவதில்லை.

இனி சுவர். சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். புது இன்ஜினின் சுவரில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் மெல்லிய கீறல்கள் சுற்றிலும் தெரியும். தேய்ப்புக் கற்களைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் இழுத்து வேண்டுமென்றே போடும் கீறல்கள் அவை. இதற்கு ஹோனிங் என்று பெயர். புது அம்மியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன செய்வோம்? கொத்திய அம்மியில்தான் மசாலா அரைபடும், வழுக்கை அம்மியில் அரைபடாது. ஆனால் கொத்தியவுடன் மசாலாவை வைத்தால் வாயில் மண் கடிக்கும். முதலில் தவிடோ அரிசியோ போட்டு அரைத்து, உதிரும் கல்துகளைக் கழுவிக் கொட்டிவிட்டுத்தான் சமையலுக்கு எடுப்பார்கள். கொத்தின் கூர்முனை மழுங்க வேண்டும், குழி நிற்க வேண்டும். சிலிண்டரிலும் நடக்க வேண்டியது இதுவே. வித்தியாசம் ஒன்றுதான்: அம்மியின் குழி பொருளைப் பிடிக்கிறது, சிலிண்டரின் குழி எண்ணெயைப் பிடிக்கிறது.

உலோகப் பரப்பு எவ்வளவு இழைத்தாலும் நுண்ணோக்கிக்கு அடியில் மேடும் பள்ளமும்தான். இரண்டு பரப்புகளைச் சேர்த்து வைத்தால், பார்வைக்கு ஒட்டியிருந்தாலும், உண்மையில் தொடுவது சில மேட்டு நுனிகள் மட்டுமே. கேம்பிரிட்ஜில் ஃபிலிப் பௌடனும் டேவிட் டேபரும் 1930களின் இறுதியில் இதை மின்சாரத்தை வைத்து அளந்தார்கள். இரு உலோகங்களை அழுத்தி, தொடும் இடம் வழியே எவ்வளவு எளிதாக மின்சாரம் பாய்கிறது என்று பார்த்தால் தொடும் பரப்பைக் கணிக்கலாம். கண்ணுக்குத் தெரியும் பரப்பில் அது மிக மிகச் சிறு பங்கு என்று தெரிந்தது. சுவிட்சர்லாந்தைக் கவிழ்த்து ஆஸ்திரியாவின் மேல் வைத்தால் எவ்வளவு இடம் தொடுமோ அவ்வளவுதான் என்று பௌடன் பின்னாளில் பிபிசி வானொலியில் விளக்கினார். நம் கார் போகப்போவதும் அந்த மலைகளுக்குத்தான் என்பது தற்செயல்.

சுமை முழுவதும் அந்தச் சில நுனிகளின் மேல் விழுவதால் அங்கே சூடு சட்டென்று ஏறுகிறது. எண்ணெய் நடுவே இருந்தால் தப்பிக்கலாம். ஆனால் எண்ணெய்ப்படலம் எப்போதும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. ரிக்கார்ட் ஸ்ட்ரைபெக் என்ற ஜெர்மானியர் 1902இல் தாங்கிகளை வைத்துச் செய்த அளவீடுகளில், வேகத்தோடு உராய்வு எப்படி மாறுகிறது என்று காட்டினார். வேகம் போதிய அளவு இருந்தால் நகரும் பரப்பு எண்ணெயைத் தன் அடியில் இழுத்துக்கொண்டு அதன்மேல் மிதக்கிறது. இது திரவ மசகு. வேகம் குறைந்தால் படலம் மெலிந்து நுனிகள் உரசத் தொடங்குகின்றன. இது கலப்பு மசகு. கிட்டத்தட்ட நின்றுவிட்டால், பரப்பில் ஒட்டிய மூலக்கூறு அளவு அடுக்கு மட்டுமே காவல். இது எல்லை மசகு. பிஸ்டன் ரிங்கு இந்த மூன்றையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் கடக்கிறது. எம்4 இன்ஜினில் பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். 5500 சுற்றில் அதன் சராசரி வேகம் நொடிக்கு 16.5 மீட்டர். ஆனாலும் மேல் முனையிலும் கீழ் முனையிலும் அது நின்று திரும்பியாக வேண்டும். அப்படி நொடிக்கு 180 முறைக்கு மேல் நிற்கிறது. நடுவே மிதக்கும் ரிங்கு, முனையில் தரைதட்டுகிறது. மேல்முனையில் நிற்கும் நேரம்தான் எரிப்பு உச்சத்தில் இருந்து, வாயு ரிங்கை மிகக் கடுமையாக அழுத்தும் நேரமும்கூட. நிறைய ஓடிய பழைய இன்ஜினைப் பிரித்து ரீபோருக்குக் கொடுக்கும்போது மெக்கானிக் சிலிண்டரின் மேல்பக்கம் நகத்தை வைத்து இழுத்துப் பார்ப்பார். ஓரிடத்தில் நகம் தட்டும். ரிங்கு திரும்பும் எல்லையில் இத்தனை வருடமாகத் தேய்ந்து உருவான படி அது.

பழக்கோட்டத்தில் செய்ய வேண்டிய காரியம் இப்போது தெளிவாகும். ரிங்கும் சுவரும் ஒன்றின் மேட்டை ஒன்று தட்டிச் சமனாக்கி, சுற்றளவு முழுவதும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். அதற்கு அழுத்தம் வேண்டும். அழுத்தம் அளவுமீறிச் சூடு ஏறினால் நுனிகள் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல ஒட்டி, மறுகணம் பிய்த்துக்கொண்டு சுவரில் நெடுங்கோடு கிழிக்கும். அழுத்தம் போதாவிட்டால் இன்னொரு கேடு: ரிங்கு பொருந்துவதற்கு முன்பே, சுவரில் தங்கிய எண்ணெய் வெந்து கெட்டிப்பட்டு, கீறல் குழிகளை நிரப்பி மேலே மெருகுபோல ஏறிவிடும். பிறகு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிங்கு செட் ஆகாது. வண்டி ஆயில் குடிக்கும், புகை தள்ளும். டீசல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. பெரிய ஜெனரேட்டரை வாங்கி நான்கு விளக்குக்கும் ஒரு ஃபேனுக்கும் மாதக்கணக்கில் ஓட்டினால் சிலிண்டர் இப்படித்தான் மெருகேறிப் போகும்.

புது இன்ஜினை மெல்ல ஓட்ட வேண்டுமா, நன்றாக மிதித்து ஓட்ட வேண்டுமா என்று வண்டிப் பிரியர்களிடையே ஓயாத சண்டை உண்டு. இரு தரப்பும் சுமையையும் சுழற்சியையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து. சுமை என்பது பிஸ்டன் தலையில் விழும் அழுத்தம், சுழற்சி என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. மூன்றாவது கியரில் 3000 சுற்றில் மேடேறும் காரில் சுழற்சி மிதம், சுமை அதிகம். நியூட்ரலில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை முறுக்கும் பைக்கில் சுழற்சி அதிகம், சுமை கிட்டத்தட்ட இல்லை. முதலாவது இன்ஜினுக்கு நல்லது, இரண்டாவது வீண். சிறு விமானங்களின் பிஸ்டன் இன்ஜின்களைச் செய்யும் லைகமிங் நிறுவனம் புது இன்ஜினைப் பழக்கும்போது 65 முதல் 75 சதவீதத் திறனில் பறக்கச் சொல்கிறது. குறைந்த திறனில் ஊர்ந்தால் ரிங்கு உட்காராது என்பதே காரணம். வானத்தில் நின்றுவிட்டால் ஓரம் கட்ட முடியாத இன்ஜினுக்கே அப்படிச் சொல்கிறார்கள் என்றால் யோசிக்க வேண்டும்.

இப்போது காரை மலைக்கு எடுத்துப் போகலாம். ஆஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் உயர்மலைச் சாலை 1935 ஆகஸ்டில் திறந்தது. ஃபிரான்ஸ் வாலக் என்ற பொறியாளர் வடிவமைத்தார். 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவு, 12 சதவீதம் வரை ஏற்றம். ஃபெர்டினாண்ட் போர்ஷே தம் ஃபோக்ஸ்வாகன் மாதிரி வண்டிகளைச் சோதிக்க இங்கேதான் கொண்டுவந்தார். வடக்கே ஃபெர்லைட்டன் சுங்கச் சாவடி சுமார் 1150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 2504 மீட்டரில் உள்ள ஹோக்டோர் கணவாய்க்கு ஏறி, மறுபக்கம் ஹைலிகன்புளூட் கிராமத்துக்கு இறங்கலாம். பனிமூடிய சிகரம், பனியாறு, பாறை இடுக்கில் தலைநீட்டும் மார்மோட் என்று பார்ப்பதற்கு என்னவெல்லாமோ உண்டு. அதை விடுங்கள். ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவு வரை சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது?

வளைவை விட்டு வெளியே வந்ததும் ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறார். சுற்று 2500இலிருந்து 4500க்கு ஏறுகிறது. ஏற்றமானதால் சுமை கூடுதல், ரிங்கு சுவரோடு அழுந்தித் தேய்கிறது. சில நொடிகளில் அடுத்த வளைவு. காலை எடுக்கிறார். அழுத்தம் தளர்கிறது, தேய்ந்த இடம் ஆறுகிறது, எண்ணெய் புதிதாகப் பரவி உதிர்ந்த துகளை அலசிக்கொண்டு இறங்குகிறது. மறுபடி ஏற்றம். கணவாயைத் தாண்டி இறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வேகத்தைப் பிடித்தால், சக்கரங்கள்தான் இன்ஜினைச் சுழற்றுகின்றன. கியர் பற்களின் மறுபக்கமும் அப்போதுதான் சுமை வாங்கிப் பழகும். நேரான ஆட்டோபானில் மணிக்கு 120இல் போகும் அதே கார், டாப் கியரில், கொஞ்சமே சுமையில், மணிக்கணக்காக ஒரே சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். ஓய்வும் இல்லை, உழைப்பும் இல்லை.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. மலையடிவாரத்தை எட்டும்போது எண்ணெய் சூடேறியிருக்க வேண்டும். தண்ணீர் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்தால் போதாது, எண்ணெய் அதைவிட மெதுவாகத்தான் சூடாகும். எம் வகைக் கார்களில் எண்ணெய்ச் சூட்டையே தனியாகக் காட்டுவார்கள்.

இதெல்லாம் எப்படித் தெரியும்? ஓடும் இன்ஜினுக்குள் எட்டிப் பார்க்க வழியில்லையே. நேரடியான வழி கசிவை அளப்பது. ரிங்கைத் தாண்டிக் கீழே வரும் வாயுவை ஒரு குழாய் வழியே அளவுமானிக்கு விட்டால், புது இன்ஜினில் அது அதிகமாகத் தொடங்கி, மணிக்கணக்கில் குறைந்து, ஒரு கட்டத்தில் மாறாமல் நிற்கும். அங்கே பழக்கோட்டம் முடிந்தது என்று பொருள். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. 1940களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் ஓர் எண்ணெய் நிறுவன ஆய்வுக்கூடத்தில் பிஸ்டன் ரிங்கை அணு உலைக்குள் வைத்துக் கதிரியக்கம் ஏற்றினார்கள். ரிங்கின் இரும்பில் ஒரு சிறு பங்கு இரும்பு-59 ஆக மாறும். அதன் அரை ஆயுள் 45 நாளுக்குச் சற்றுக் குறைவு. அந்த ரிங்கை இன்ஜினில் மாட்டி ஓட்டினால் தேய்ந்து உதிரும் ஒவ்வொரு துகளும் எண்ணெயில் கலந்து கதிர் வீசும். எண்ணெய் ஓடும் குழாயருகே ஓர் எண்ணிக்கருவியை வைத்தால், இந்த நிமிடம் எவ்வளவு தேய்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே படிக்கலாம். அதுவரை மாதக்கணக்கில் ஓட்டி, பிரித்து, ரிங்கை எடைபோட்டுத்தான் தேய்மானம் கண்டார்கள். குளிர்ந்த இன்ஜின் சூடான இன்ஜினைவிட வேகமாகத் தேய்வதும் இத்தகைய சோதனைகளில் நேரடியாகத் தெரிந்தது.

பழக்கோட்டம் வெறும் தேய்மானமும் அல்ல. இன்ஜின் ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் அடங்கிய ஒரு சேர்மத்தைச் சிறிதளவு கலக்கிறார்கள். உரசும் இடத்தில், அழுத்தத்திலும் சூட்டிலும், அது சிதைந்து பரப்பின் மேல் கண்ணாடி போன்ற காப்புப்படலமாகப் படிகிறது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையால் எண்ணெய்க்கு அடியிலேயே உரசி, படலம் வளர்வதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2015இல் பதிவுசெய்தார்கள். அழுத்தத்தைக் கூட்டினால் படலமும் வேகமாக வளர்ந்தது. உரசாத இடத்தில் இந்தக் காப்பு முளைப்பதில்லை.

இன்ஜினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் டயரும் பிரேக்கும் கோபித்துக்கொள்ளும். உயிருக்கு முக்கியம் அவைதான். அச்சிலிருந்து வந்த புது டயரின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும், அது உரிந்து போகும்வரை முழுப் பிடிப்பு கிடைக்காது. பிஎம்டபிள்யூ கையேடு டயருக்குச் சுமார் 300 கி.மீ., பிரேக்குக்குச் சுமார் 500 கி.மீ. என்று கணக்குச் சொல்கிறது. பிரேக் பேடில் பல பொருள்களைப் பிசினால் பிணைத்திருக்கிறார்கள். முதல்முறை கடுமையாகச் சூடாகும்போது அந்தப் பிசினிலிருந்து வாயு கிளம்பி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே புகுந்து பிடிப்பைக் குறைக்கும். மெல்ல மெல்லச் சூடேற்றினால் வாயு வெளியேறி, பேடின் பொருள் டிஸ்க்கில் சீரான படலமாகப் படியும். நல்ல சூட்டில் கொண்டுபோய் நிறுத்தி பெடலை அழுத்தியபடியே நின்றால் படலம் ஓரிடத்தில் மட்டும் தடித்துப்போகும். பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் ஆடும். “டிஸ்க் வளைஞ்சிருச்சு” என்று மெக்கானிக் சொல்லும் கேஸ்களில் பல உண்மையில் வளையாதவை.

பிரேக்குக்கு லைனிங் வந்ததே ஒரு புதுக் காரின் மலைப்பயணத்தில்தான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், அவர் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில் மகன்கள் ஓய்கனையும் ரிச்சர்டையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெட்ரோல் பங்க் இல்லாத காலம். வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். ஏற்றங்களில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் கட்டையின் மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். ஏற்றத்துக்கு இன்னொரு கியர் வேண்டும் என்றும் வீடு திரும்பியதும் கணவரிடம் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் தெரியாத குறைகளை ஒரே பயணத்தில் மலை காட்டிக்கொடுத்துவிட்டது.

இன்றைய இன்ஜினுக்கு இவ்வளவும் தேவையா என்று கேட்டால், பழையபடி இல்லை. இப்போது ஹோனிங்கின் கடைசிக் கட்டத்தில் கூர்நுனிகளை ஆலையிலேயே சீவி, குழியை மட்டும் விட்டுவைக்கிறார்கள். பழக்கோட்டத்தின் பெரும்பகுதி அங்கேயே முடிகிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5இன் கையேடு தனிப் பழக்கம் தேவையில்லை என்றே தொடங்குகிறது. ஆனால் அடுத்த வரியிலேயே முதல் 1000 கி.மீ.க்குச் சில எச்சரிக்கைகள், அவற்றில் ஒன்று நீண்டநேரம் ஒரே வேகத்தில் ஓட்டாதே என்பது. ஓட்டுநரை நம்பாத நிறுவனங்களும் உண்டு. செவ்ரோலெட் கார்வெட் சி8இல் முதல் 500 மைல் வரை கீழ் கியர்களில் இன்ஜின் முழு விசையைத் தராதபடி கணினியே கட்டிப்போடுகிறது. மெல்லவா வேகமாகவா என்ற விவாதத்துக்கு அங்கே இடமே இல்லை.

எவ்வளவு கவனமாகப் பழக்கினாலும் உதிர்ந்த துகள் எங்கும் போய்விடுவதில்லை, எண்ணெயிலும் வடிகட்டியிலும்தான் இருக்கிறது. அதனால்தான் எம் வகைக் கார்களுக்கு 2000 கி.மீ.யில் இன்ஜின் ஆயிலையும் டிஃபரென்ஷியல் ஆயிலையும் மாற்றுகிறார்கள், அடுத்தடுத்த மாற்றங்களுக்கு இடையே அதைப்போலப் பல மடங்கு தூரம் விடும் அதே நிறுவனம். உங்கள் வாகனம் பைக்காக இருந்தாலும் ஸ்கூட்டராக இருந்தாலும் முதல் சர்வீஸ் எத்தனையாவது கிலோமீட்டரில் என்று கையேட்டில் பாருங்கள். மலைக்குப் போக முடியாவிட்டால் பரவாயில்லை, அந்த முதல் ஆயில் மாற்றத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.